பூட்டுக்குள் நடப்பதைக் கண்ணால் காண 18 குறிப்புகள்

இறுகிப்போனது, கதவை மாற்றியதால் கழற்றி வைத்தது என்று எந்த வீட்டிலும் நாலைந்து பழைய பூட்டுகள் ஒரு டப்பாவில் கிடக்கும். பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டால் சில்லறைதான் தேறும். அதில் ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டிப் பாருங்கள். சாவி நுழையும்போது உள்ளே எது ஏறுகிறது, எது இறங்குகிறது, எது வழிவிடுகிறது என்று வீட்டில் எல்லோரும் பார்க்கலாம். பூட்டு வேலை கற்றுத் தருபவர்கள் இப்படி வெட்டிய மாதிரிகளை வைத்துப் பாடம் சொல்வது வழக்கம். உள்ளே இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், பூட்டு வாங்கும் விதமும் பராமரிக்கும் விதமும் தானாகவே மாறிவிடும். பொறுமையும் ஒரு அரமும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

1. தோதான பூட்டைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்கு, பழைய நைட் லாட்ச் பூட்டின் பித்தளைச் சிலிண்டர் மிகவும் ஏற்றது. கைக்கு அடக்கமாக இருக்கும். பித்தளை அரத்துக்குச் சுலபமாகத் தேயும். தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்த இரும்புத் தொங்கு பூட்டு வேண்டாம். துளை போடாமல் தடுக்க எஃகுத் துண்டு பதித்த பூட்டும் வேண்டாம். அரத்தின் பல் மழுங்கிவிடும். மேலே பித்தளை நிறமாக இருந்தாலும் உள்ளே துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். பின்பக்கத்தில் அரத்தால் லேசாக ஒரு கீறு கீறுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறமாகத் தெரிந்தால் வார்ப்பு. வார்ப்பு உலோகம் அரத்தின் பற்களில் அடைத்துக்கொள்ளும், மெல்லிய இடங்களில் உடையும். பூட்டுக்கு ஒரு சாவியாவது கையில் இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

2. பயன்பாட்டில் உள்ள சாவியோடு சேர்ந்த பூட்டை வெட்டாதீர்கள்

சில வீடுகளில் ஒரே சாவியில் திறக்கும் மூன்று நான்கு பூட்டுகளைச் செட்டாக வாங்கியிருப்பார்கள். அதில் ஒன்று பழுதாகியிருந்தாலும் அதை வெட்டி அலமாரியில் வைக்கக் கூடாது. ஜன்னல் வழியே பின்களின் உயரம் தெரியும். அதைப் பார்த்தே சாவியின் வெட்டுகளைக் கணக்கிட்டுவிடலாம். வெட்டிய பூட்டைப் படம் எடுத்துப் பலருக்கு அனுப்பும்போதும் இதே எச்சரிக்கை தேவை. வாசலில் பூட்டும் சாவிக்கும் வெட்டப்போகும் பூட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

3. உள்ளே இருப்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சிலிண்டர் பூட்டில் வெளியே ஓர் உறை, அதற்குள் சாவி நுழைந்து சுழலும் ஓர் உருளை. உறையிலிருந்து உருளை வரை ஐந்து அல்லது ஆறு சிறு துளைகள் வரிசையாக இறங்கும். சாவியின் பல் மேலே பார்க்கும்படி பிடித்தால், ஒவ்வொரு துளையிலும் மேலே ஸ்பிரிங், நடுவில் மேல் பின், அடியில் சாவியைத் தொடும் கீழ்ப் பின் என்ற வரிசை இருக்கும். சாவி இல்லாதபோது மேல் பின்கள் உருளைக்குள் இறங்கி நின்று அதைச் சுழல விடாது. சரியான சாவி நுழைந்ததும், மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சந்திக்கும் இடம் எல்லாத் துளைகளிலும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும். அப்போதுதான் உருளை சுழலும். பின்னைக் கொண்டு தடுக்கும் இந்த யோசனை பண்டைய எகிப்தின் மரப் பூட்டிலேயே இருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் தட்டைச் சாவிச் சிலிண்டருக்கு வழிவகுத்தவர் அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர். 1861-லும் 1865-லும் அவர் காப்புரிமை பெற்றார்.

4. லீவர் பூட்டு என்றால் வேலை பாதி

திண்டுக்கல் பூட்டும் அலிகார் பூட்டும் பெயர் வாங்கியது லீவர் அமைப்பில். இதில் பின்கள் கிடையாது; தகடு போன்ற லீவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாவி ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது. இந்த இரட்டைக் கட்டுப்பாட்டை 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் கொண்டுவந்தார். கையால் ராவிச் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. லீவர் பூட்டுக்கு ஜன்னல் வெட்டத் தேவையே இல்லை. மூடியைக் கழற்றினாலே எல்லாம் தெரியும். அதற்கான முறை 16-ஆம் குறிப்பில் இருக்கிறது.

5. கண்ணையும் கையையும் காத்துக்கொள்ளுங்கள்

பித்தளைத் துகள் ஊசிபோல் இருக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடங்க வேண்டாம். துகளை வாயால் ஊதாதீர்கள், கையால் துடைக்காதீர்கள். பழைய பெயின்ட் பிரஷால் ஒதுக்குங்கள். பூட்டுகளுக்குப் பயன்படும் பித்தளையில் வெட்டுவதற்கு எளிதாக இருக்கச் சிறிதளவு ஈயம் கலப்பது வழக்கம். அதனால் சமையலறையில் இந்த வேலை வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள். டிரில் போன்ற சுழலும் கருவி அருகே தொளதொளத்த சட்டைக் கை, துப்பட்டா, வளையல், துணிக் கையுறை எதுவும் கூடாது.

6. தேவையான கருவிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

மேஜையில் பொருத்தும் சிறிய வைஸ், நெருக்கமான பல் உள்ள ஆக்ஸா பிளேடு, ஒரு பட்டை அரம், ஒரு செட் ஊசி அரம், சாமணம், மெல்லிய ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், மில்லிமீட்டர் அளவுகோல் இவை போதும். பாதிக்கு மேல் வீட்டிலேயே இருக்கும். வெர்னியர் அளவி கிடைத்தால் இன்னும் நல்லது. இவற்றோடு, உருளையின் பருமனுக்குச் சரியாக உள்ள ஓர் உருட்டு மரக்குச்சியும் வேண்டும். பல பூட்டுகளில் உருளையின் விட்டம் 12 முதல் 13 மி.மீ. வரை இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் குச்சியை அந்த அளவுக்குக் கொண்டு வாருங்கள். எதற்கு என்று அடுத்த குறிப்பில் தெரியும்.

7. உருளையை வெறுமனே இழுக்காதீர்கள்

சிலிண்டரின் பின்பக்கத்தில் உள்ள ஸ்க்ரூவையோ கிளிப்பையோ எடுத்ததும் உருளை வெளியே வரத் தயாராகிவிடும். அப்படியே இழுத்தால் மேல் பின்களும் ஸ்பிரிங்குகளும் தெறித்துவிடும். சாவியைப் போட்டுச் சிறிதளவு திருப்பி வைத்துக்கொண்டு, பின்பக்கமாக மரக்குச்சியைச் செலுத்துங்கள். குச்சி உருளையைத் தள்ளியபடியே உள்ளே போக வேண்டும்; இரண்டுக்கும் இடையே இடைவெளி விழக் கூடாது. உருளை முன்பக்கமாக வெளியே வரும், மேல் பின்கள் குச்சியின் மேல் உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு வெள்ளைத் தட்டின் மேல் உறையைக் கவிழ்த்துப் பிடித்து, குச்சியை மெதுவாக இழுத்து, ஒவ்வொரு துளையாக விடுவியுங்கள்.

8. பின்களின் வரிசை மாறக் கூடாது

கீழ்ப் பின்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். சாவியின் வெட்டுக்கு ஏற்ப அமைந்தவை. வரிசை மாறினால் அந்தச் சாவிக்குப் பூட்டு திறக்காது. மாத்திரை போட்டு வைக்கும் வாரப் பெட்டியில் சாவி நுழையும் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று எண் எழுதி, அந்தந்தப் பின்னை அந்தந்த அறையில் போடுங்கள். பெட்டி இல்லையென்றால் ஒட்டு நாடாவின் பசைப் பக்கத்தில் வரிசையாக ஒட்டி வைக்கலாம். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

9. வெட்ட வேண்டிய இடத்தைக் குறியுங்கள்

உறைக்குள் விளக்கு வெளிச்சம் காட்டினால் துளைகளின் வாய் தெரியும். மெல்லிய கம்பியை ஒவ்வொரு துளையிலும் விட்டு, முன்முகத்திலிருந்து அது எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதுங்கள். பல பூட்டுகளில் ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 4 மி.மீ. அளவு இருக்கும். உறையின் பக்கவாட்டில் நீல மார்க்கர் பூசி, அதன்மேல் ஊசியால் கோடு கிழியுங்கள். முன்முகத்தில் 2 மி.மீ., மேலே ஸ்பிரிங்குகளை மூடும் பகுதியில் 2 மி.மீ. வெட்டாமல் விடுவது அவசியம். மேல் மூடி போய்விட்டால் ஸ்பிரிங் நிற்காது.

10. உள்ளே மெழுகு, வெளியே தோல்

வைஸில் இறுக்கும்போது உறை நசுங்கி வட்டம் கோணலானால், பிறகு உருளை சுழலாது. உருளை இருந்த இடத்தில் மரக்குச்சியைச் செருகிவிடுங்கள். பின் துளைகளில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி ஆறவிடுங்கள். அரத்தூள் உள்ளே இறங்காது, மெல்லிய சுவரும் அதிராது. வைஸின் இரண்டு தாடைகளுக்கும் பழைய பெல்ட்டின் தோல் துண்டை வைத்தால் பித்தளையில் வடு விழாது. வேலை முடிந்ததும் வெந்நீரில் போட்டால் மெழுகு உருகி மிதக்கும்.

11. எங்கே நிறுத்துவது என்பதில்தான் வேலையே

பின்னின் விட்டம் சுமார் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலின் வாய் அதைவிடக் குறுகலாக, 2 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் பின் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வெளியே விழாது. அதற்குத் துளையின் நடுக்கோட்டுக்கு 1 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக முன்பே வெட்டு நின்றுவிட வேண்டும். நடுக்கோட்டை நெருங்கினால் பின்களும் ஸ்பிரிங்குகளும் கையில் வந்துவிடும். முதலில் பிளேடால் பெரும்பகுதியை அறுத்து எடுங்கள். கடைசி 2 மி.மீ. முழுவதும் அரம்தான். அரம் துளையைத் தொடும் கட்டத்தில் மஞ்சள் பரப்பில் மயிரிழை போல ஒரு கோடு தோன்றும். இன்னும் நாலு இழுப்பில் அது மெழுகின் வெண்ணிறம் தெரியும் பட்டையாக விரியும். கோடு தோன்றியதும் பட்டை அரத்தை வைத்துவிட்டு ஊசி அரத்தை எடுங்கள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

12. முதல் முறை உருளையில் கை வைக்க வேண்டாம்

உறையை மட்டும் வெட்டினாலே முக்கியமான காட்சி தெரிந்துவிடும். ஜன்னலின் அடி விளிம்பு உருளையின் உச்சியை ஒட்டி முடியட்டும். உருளை 1 மி.மீ. அகலப் பட்டையாகத் தெரிந்தால் போதும். சாவி இல்லாதபோது மேல் பின்கள் அந்தப் பட்டைக்குக் கீழே இறங்கியிருப்பதும், சரியான சாவிக்கு எல்லாம் ஒரே மட்டத்துக்கு எழுவதும் தெளிவாகத் தெரியும். இந்த அமைப்பில் உருளையை முழுச் சுற்றுச் சுற்றினாலும் கீழ்ப் பின்கள் விழாது. சாவியின் மேல் கீழ்ப் பின்கள் ஏறி இறங்குவதையும் பார்க்க விரும்பினால், அடுத்த பூட்டில் உருளையிலும் ஜன்னல் வெட்டலாம். ஆனால் அந்தப் பூட்டின் சாவியைச் சிறிதளவுதான் திருப்ப வேண்டும். மேலும் திருப்பினால் உருளையின் ஜன்னல் மேல் பின்களுக்கு நேரே வந்து, அவை அதில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும்.

13. லேத் பட்டறையில் கொடுத்தால் சொல்ல வேண்டியவை

மில்லிங் மெஷின் உள்ள பட்டறையில் இந்த வேலை சீக்கிரம் முடியும், வெட்டும் கண்ணாடிபோல் வரும். ஆனால் "பூட்டை வெட்டிக் கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது. துளைகளின் இடம், வெட்டு நிற்க வேண்டிய ஆழம், மீதம் விட வேண்டிய விளிம்பு மூன்றையும் தாளில் படம் போட்டுக் கொடுங்கள். பின்களையும் ஸ்பிரிங்குகளையும் எடுத்துவிட்டு வெறும் உறையை மட்டும் கொடுங்கள். கடைசி அரை மில்லிமீட்டரை மெல்லிய சீவல்களாக எடுக்கச் சொல்லுங்கள். இது உங்கள் பழைய பூட்டுதான், படிப்பதற்காக வெட்டுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களும் ஆர்வமாகச் செய்து கொடுப்பார்கள்.

14. பிசிறு எடுக்காமல் பின்களைப் போடாதீர்கள்

வெட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு உள்நோக்கி மடிந்திருக்கும். அதில் பின் மாட்டினால் ஏறியது இறங்காது. துளைக்குச் சரியான அளவுள்ள டிரில் பிட்டை மெஷினில் மாட்டாமல் விரலால் பிடித்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு சுற்றுச் சுற்றி எடுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. ஒவ்வொரு பின்னையும் அதன் துளையில் போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். தானாக வழுக்கி விழுந்தால் துளை சுத்தம்.

15. பளபளப்பாக்கி, நிறம் கொடுத்து, திரும்பப் பூட்டுங்கள்

வெட்டுப் பரப்பை 400, 800, 1500 எண் உப்புத்தாளில் வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கடைசியில் பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் துலக்கலாம். புளிப்புத் தங்கினால் கறுத்துவிடும் என்பதால் நன்றாக அலசி, வெயிலில் முழுவதும் உலர்த்துங்கள். மேல் பின்களுக்குச் சிவப்பு, கீழ்ப் பின்களுக்கு நீலம் என்று மார்க்கர் மை பூசினால் இரண்டும் பிரியும் இடம் தூரத்திலிருந்தே தெரியும். நகப்பூச்சு வேண்டாம், அதன் தடிப்பே பின்னை இறுக்கிவிடும். பூட்டும்போது கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். மரக்குச்சியைச் சிறிது சிறிதாக உள்ளே நகர்த்தி, ஒவ்வொரு துளையிலும் ஸ்பிரிங், மேல் பின் என்று போட்டுக்கொண்டே வாருங்கள். கீழ்ப் பின்கள் அடுக்கிய உருளையைச் சாவியோடு சேர்த்துக் குச்சியைத் தள்ளியபடி செலுத்துங்கள். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்தால் ஸ்பிரிங் தெறித்தாலும் தொலையாது.

16. லீவர் பூட்டுக்குக் கண்ணாடி மூடி போடுங்கள்

மேஜை டிராயர் அல்லது பீரோவின் பழைய பூட்டில் மூடி பெரும்பாலும் ஸ்க்ரூவில் இருக்கும். அதைக் கழற்றி, அதே அளவுக்கு 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டை அறுத்து, அதே இடங்களில் துளை போட்டுப் பொருத்துங்கள். சாவியின் நடுக்கம்பி தாங்கும் துளை மூடியில் இருந்தால் அதையும் மறக்காமல் போடுங்கள். அக்ரிலிக்கில் டிரில் மெதுவாகச் சுழல வேண்டும். வேகம் கூடினால் உருகி ஒட்டும், விரிசல் விடும். தகட்டின் மேலுள்ள காகிதத்தைக் கடைசி வரை உரிக்காதீர்கள். ஸ்க்ரூவை அளவோடு இறுக்குங்கள். சாவியைத் திருப்பினால் லீவர்கள் வெவ்வேறு உயரத்துக்கு எழுந்து, அவற்றின் வெட்டுகள் ஒரே நேர்கோட்டில் சேர்ந்ததும் தாழ் நகர்வதைக் காணலாம்.

17. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அச்சம் வேண்டாம்

முதலில் சரியான சாவியைப் போடச் சொல்லுங்கள். அடுத்து அதே துவாரத்தில் நுழையக்கூடிய வேறொரு சாவி. எந்தப் பின் உயர்ந்து நிற்கிறது, எது தாழ்ந்து நிற்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஐந்து பின், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரம் என்றால் கணக்குப்படி 7,776 வகைச் சாவிகள் சாத்தியம் என்பதையும் பெருக்கிப் பார்க்கச் சொல்லலாம். இதையெல்லாம் காட்டினால் திருட்டுக்கு வழி சொன்னதாகாதா என்று சிலர் தயங்குவார்கள். இந்தக் கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. லண்டனில் ஜோசப் பிராமா தன் பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று 1790-ல் சவால் விட்டார். 1851-ல் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் அதைத் திறந்தார். பூட்டின் பலவீனத்தை மூடி மறைப்பதால் பயனில்லை, திருடர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பது வீட்டுக்காரர்தான் என்பது ஹாப்ஸின் நிலைப்பாடு. அந்தப் பிராமா பூட்டு இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

18. பார்த்ததை வீட்டுப் பூட்டுகளில் கடைப்பிடியுங்கள்

பின்னுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைவு என்று பார்த்தவர் சிலிண்டர் பூட்டில் தேங்காய் எண்ணெய் விடமாட்டார். எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசுக்காக்கி ஸ்பிரிங்கை முடக்கும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையவும் செய்யும். கிராஃபைட் தூளே சரி. இல்லாவிட்டால் 4பி, 6பி போன்ற மென்மையான பென்சிலைச் சாவியின் பற்களில் தேய்த்து, நாலைந்து முறை நுழைத்து எடுங்கள். சாவியைக் கைப்பிடியாக்கிக் கதவை இழுக்காதீர்கள். தேய்மானம் முழுவதும் சாவியிலும் பின்களிலும் விழும். சாவி முழுவதும் நுழையும் முன் திருப்பாதீர்கள். நகல் சாவியிலிருந்து மறுநகல் எடுத்தால் பிழை கூடிக்கொண்டே போகும். புதுப் பூட்டோடு வந்த சாவிகளில் ஒன்றைப் பயன்படுத்தாமல் எடுத்து வைத்து, எப்போதும் அதிலிருந்தே நகல் எடுங்கள். வாங்கும்போது வெளி மினுக்கையும் எடையையும் பார்க்காமல் எத்தனை பின், எத்தனை லீவர் என்று கேளுங்கள்.

நம் குடும்பத்தையும் உடைமையையும் ஒப்படைக்கும் பொருள் பூட்டு. அதை மற்றவர் சொல்லி நம்புவதைவிடக் கண்ணால் பார்த்து நம்புவது நல்லது. அடுத்த முறை பழைய சாமான்காரர் தெருவில் குரல் கொடுக்கும்போது, சாவியோடு இருக்கும் ஒரு பித்தளைப் பூட்டை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.